தொட்டிலுக்கு மேலே உள்ள மூட்டு

மெழுகுவர்த்தியின் சுடர் குழாயை நோக்கிச் சாய்ந்தது. பிறகு அவளை நோக்கிச் சாய்ந்தது. மறுபடி குழாய்ப் பக்கம்.

கூடத்து இரும்பு அடுப்பிலிருந்து புறப்பட்டு, சுவரைத் துளைத்து, குழந்தை தூங்கும் அறை வழியாக வெளியே போகும் புகைக்குழாயின் மூட்டுகளை அவள் வாரம் தவறாமல் இப்படிச் சுடர் காட்டித்தான் சோதிப்பாள். கசிவு இருந்தால் சுடர் சாயும், ஆனால் ஒரே பக்கமாகத்தான் சாயும். தொட்டிலுக்கு நேர் மேலே இருந்த இந்த மூட்டில் மட்டும், சூடேறிய தகரம் டிக் டிக்கென்று சொடுக்கும் சத்தத்துக்கு நடுவே, அது நிதானமாகப் போய்ப் போய் வந்தது.

"என்ன வித்தை காட்டிட்டிருக்க?" அறை வாசலில் நாத்தனார், கணவனின் அக்கா.

"மூட்டு கசியுது அண்ணி. இந்தப் புகை குழந்தைக்கு ஆகாது. அடுப்ப அணைச்சாத்தான் அடைக்க முடியும்."

"அணைச்சா வீடே விறைச்சுப் போகும். என் தம்பி மாட்டின குழாய்ல குத்தம் கண்டுபிடிக்கலேன்னா உனக்குத் தூக்கம் வராதே. எரியறப்பவே அடை."

கணவன் வேலைக்காக வெளியூரில். அவன் இல்லாத வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். அந்த அண்ணியை இவளுக்கு அறவே பிடிக்காது. இருந்தும் மெழுகுவர்த்தியை மூட்டுக்குப் பக்கத்துச் சுவர்மாடத்தில் வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து சூடு தாங்கும் பசையை வழித்து, விரல் பொசுங்கப் பொசுங்க மூட்டைச் சுற்றி அப்பினாள். கருகிய மண் வாசனை எழுந்தது. சுடர் நிமிர்ந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அறையில் ஏதோ குறைந்தது. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று.

குழந்தையின் மூச்சு.

தொட்டிலில் கை வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தூக்கினாள், உலுக்கினாள். தலை தோளில் சரிந்தது.

சுடரோடு போய் வந்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. குழந்தையைக் கிடத்திவிட்டுப் பசையைச் சுரண்டினாள். சூட்டில் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. சாவியால் குத்தினாள். ஒரு சில்லு பெயர்ந்தது.

சுடர் சாய்ந்தது. உள்ளே. வெளியே.

விரலில் வெதுவெதுப்பான காற்று பட்டது. புகை நாற்றம் இல்லை. பால் வாசம்.

தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சு அப்படியேதான் இருந்தது.

"ம்மா," என்றது குழாய். "மூடாத."

"ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியாது." பின்னால் அண்ணி, கையில் பசை டப்பா. "தள்ளு."

"வேணாம் அண்ணி. குழந்த உள்ள இருக்கு."

அண்ணி அவளை இடித்துத் தள்ளினாள். பசையை வழித்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்தாள். உள்ளிருந்து ஏதோ அந்த விரலைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினாள்.

பிறகு இன்னும் பலமாக அழுத்தினாள்.

சுடர் நேராக நின்றது.