கடைசி ஆளுக்குப் பின்னால்

நான்கு மாதமாக மழை காணாத மண்ணில், பின்னால் வருகிற கால்கள் ஈரமாகக் கேட்டன.

முதலில் பிரஷாந்தன் அதைத் தன் முதுகுப் பையின் வேலை என்றுதான் நினைத்தான். பைக்குள் இரண்டு லீட்டர் தண்ணீர் ஒவ்வோர் எட்டுக்கும் குலுங்கிக்கொண்டிருந்தது. குலுங்குகிற தண்ணீருக்கும், சேற்றில் பதிந்து பிடுங்கி எடுக்கிற காலுக்கும் வித்தியாசம் தெரியாதவனல்ல அவன். ஆனால் எண்பதாவது கிலோமீற்றரில் மூளை தனக்கு வசதியானதைத்தான் நம்பும். சந்தேகம் தீர ஒருமுறை நின்று பார்த்தான். பையும் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு எட்டு. சளக். சளக். பிறகு அதுவும் நின்றது.

திரும்பினான். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் மாலி என்கிற ஆள் உயரக் குட்டை மரங்கள், வழிகாட்டுவதற்காக இருநூறு மீற்றருக்கு ஒன்றாக நட்ட இளஞ்சிவப்புக் கொடிகள். பட்டை உரிந்த மரங்களிலிருந்து யூகலிப்டஸ் வாசனை வெயிலில் கனமாக வந்தது. ஆள் இல்லை.

ஸ்வீப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இந்த ஓட்டங்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் அமைப்பாளர்களுடைய ஆள் ஒருவன் மஞ்சள் மேலங்கியோடு வருவான். கொடிகளைப் பிடுங்கிச் சேர்ப்பதும், வழியில் விழுந்து கிடப்பவனை விட்டுவிட்டு வராமல் இருப்பதும் அவன் பொறுப்பு. அவனைத்தான் ஸ்வீப் என்பார்கள். பிரஷாந்தன் விடியற்காலை நான்கு மணியிலிருந்தே கடைசியில்தான் ஓடிக்கொண்டிருந்தான். ஆகவே வரவேண்டியவன்தான் வருகிறான். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

பயம் வேறு விஷயத்தில் இருந்தது. அவன் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தின் கீழே லோஜன் என்று அச்சடித்திருந்தது.

லோஜன் மெல்பர்னின் ஸ்பிரிங்வேலில் இரண்டு வருடமாக அவனோடு ஓடுகிறவன், அவுஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவன். மெல்பர்னிலிருந்து ஐந்தரை மணி நேரம் காரோட்டி வரவேண்டிய இந்த நூறு கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டு, மூன்று கிழமைக்கு முன் முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். பதிவை இன்னொருவருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. "என்ர பேரில நீ ஓடு மச்சான். வெள்ளைக்காரனுக்கு நீயும் நானும் ஒரே முகம்தான்" என்றான். இலக்கத்தையும் அவனே போய் வாங்கி வந்தான். படகில் வந்து பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிற பிரஷாந்தனுக்கு எந்தப் படிவத்திலும் பெயர் எழுதக் கை வராது. ஓட்டம் மட்டும் யாரும் எதுவும் கேட்காத இடம். ஆசை யாரை விட்டது? சரியென்றுவிட்டான்.

பையின் தோள்பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, அதில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஹெலிகொப்டர் வரும். ஹெலிகொப்டர் வந்தால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் நீ யார் என்று கேட்கும். பிறகு விசாவும் இல்லை, வவுனியாவில் காத்திருக்கிற மனைவி ஹம்சாவை இங்கே கூப்பிடுகிற கனவும் இல்லை. "செத்தாலும் உதை அமத்திப்போடாதை" என்று லோஜன் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருந்தான்.

எண்பத்தாறாவது கிலோமீற்றரில் கடைசிக் கூடாரம் இருந்தது. அங்கே லோஜன் தண்ணீர்க் கேனோடு நின்றான். அவனுக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில், மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

பிரஷாந்தன் அவனையே பார்த்தான். "உவர் ஆர்?"

"ஸ்வீப். நாப்பதாவது கிலோமீற்றரிலேயே கால் பிரண்டிட்டுதாம். காரில ஏத்திக்கொண்டு வந்திட்டினம்."

"அப்ப எனக்குப் பின்னால வாறது ஆர்?"

"உனக்குப் பின்னால ஆர் இருக்கு? நீதானே கடைசி." லோஜன் அவன் பையை நிரப்பிவிட்டு, இரண்டு உப்புக் குளிசைகளைக் கையில் வைத்தான். "போடு. உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தானே வேணும்."

வழக்கமான பகிடிதான். பிரஷாந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மச்சான், நான் இதோட நிப்பாட்டட்டோ?"

லோஜன் குரலைத் தாழ்த்தினான். "இடையில விட்டா டொக்டர் பாப்பார், ஐடி கேப்பினம். ரெண்டு பேரும் மாட்டுவம். இன்னும் பதினாலுதான். ஏரிக்கு அங்கால ஏழு மணிக்குள்ள போய்ச் சேர். அங்க மேரியன் எண்டொரு மனிசி பேரைக் கூப்பிட்டு அடையாளம் போடுவா. யெஸ் எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்காதை. நான் காரில சுத்தி வாறன்."

ஏரி என்பது பெயருக்குத்தான். தண்ணீர் போய்ப் பல வருடமாகி, மிஞ்சிய உப்பு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மரமில்லை, கல்லில்லை, பறவை இல்லை. அவன் நிழலும் வரிசையாகப் போகிற கொடிகளும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருள்வதற்கே ஒன்றும் இல்லை. அந்த ஆறுதலோடு மூன்று கிலோமீற்றர் ஓடினான்.

பிறகு மறுபடி கேட்டது. அவன் கால்கள் நொறுக்கின. பின்னால் வந்தவை நனைந்திருந்தன.

திரும்பினான். யாரும் இல்லை. ஆனால் அவன் கடந்து வந்த கொடிகள் ஏழெட்டாவது தெரியவேண்டிய வெட்டவெளியில், ஐந்துதான் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் கானல் தண்ணீர்போல் மினுங்கியது. தூரத்தில் மறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினான். அடுத்தமுறை பார்த்தபோது நான்கு.

காற்று மாறியது. கடலே இல்லாத நிலத்தில், கடலிலிருந்து வருவதுபோல ஒரு வாடை: டீசல், நனைந்த கயிறு, காய்ந்த வாந்தி. இந்த மணத்தை அவன் பதின்மூன்று வருடமாக எங்கேயும் முகர்ந்ததில்லை. முகர்ந்தவுடன் தெரிந்தது.

படகில் அறுபத்தொரு பேர். பதினைந்தாம் நாளிலிருந்து தண்ணீர் அளந்துதான் கொடுத்தார்கள். ஒருவன் பெயரைக் கூப்பிடுவான், ஓம் என்று பதில் வந்தால் போத்தல் மூடியால் ஒரு மூடி தண்ணீர். பிரஷாந்தனுக்குப் பக்கத்தில் முல்லைத்தீவுக்காரர் விக்னராஜா காய்ச்சலில் தாடை பூட்டிக் கிடந்தார். அவரால் ஓம் சொல்ல முடியவில்லை. முதல் நாள் அவருக்காகப் பிரஷாந்தன் சொல்லி, மூடியை வாங்கி அவர் உதட்டில் வைத்தான். பாதி வழிந்தது. இரண்டாம் நாளும் ஓம் சொன்னான். அன்று தானே குடித்தான். மூன்றாம் நாளும். அந்த மூன்றாம் நாள் மூடியை வாயருகே கொண்டுபோகும்போது பார்த்தான், விக்னராஜாவின் கண்கள் திறந்திருந்தன. அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான்காம் நாள் அவர் உடலைக் கடலில் விட்டார்கள்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஹம்சாவிடம்கூட. அவனுக்கு அது வெட்கம், அவ்வளவுதான். பயம் என்று அவன் அதை நினைத்ததே இல்லை.

மூன்று கொடி.

பையிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். தொண்டை எரிந்தது. துப்பினான். உப்பு. லோஜன் கண் முன்னால் கேனிலிருந்து ஊற்றிய தண்ணீர். இன்னொருமுறை உறிஞ்சினான், நம்பமுடியாமல். கடல் தண்ணீர் அப்படியே.

"பிரஷாந்தன்."

மெதுவாக, தாடை சரியாகத் திறவாதவர் கூப்பிடுவதுபோல. இந்த ஓட்டத்தில் அந்தப் பெயர் லோஜனைத் தவிர யாருக்கும் தெரியாது. லோஜன் கார்ப் பாதையில் ஏரியைச் சுற்றிக்கொண்டிருப்பான்.

கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. விரல் அதன் மேலேயே இருந்தது. ஹம்சாவின் முகம் வந்தது. அழுத்தினால் அவள் இல்லை. விரலை எடுத்தான்.

ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நாக்கு மரக்கட்டை. உதடு வெடித்து இரத்தம். அதுவும் உப்பு.

இரண்டு கொடி.

பார்க்காதே. பார்க்காதே.

சளக். சளக். இப்போது அவசரமில்லாமல். அவனுடைய எட்டுக்கு எட்டு.

ஒரு கொடி. அதன் துணி சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முன்னால் கரை தெரிந்தது. நீல வளைவு. மேசை. தொப்பி போட்ட ஒரு மனிசி எழுந்து கை தட்டினாள். லோஜனின் கார்கூட நின்றது. மணிக்கூட்டில் ஆறு நாற்பத்தெட்டு. பிரஷாந்தனுக்கு அழுகை வந்தது. வந்துவிட்டேன் ஹம்சா. பொத்தானை அமத்தவில்லை. ஒருவருக்கும் தெரியாது. தப்பிவிட்டேன்.

வளைவுக்குக் கீழே வந்து நின்றான். முதுகுக்குப் பின்னால் காலடி நிற்கவில்லை.

மேரியன் அட்டையில் செருகிய தாளைப் பார்த்தாள். ஒரு கையில் பேனை. மறு கையில், வெளியே முத்து முத்தாக வியர்த்த ஒரு கோப்பை தண்ணீர்.

"லோஜன்?"

யெஸ். ஒரே ஒரு சொல். வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றது அவன் காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

மேரியன் சிரித்தாள். பேனையால் அடையாளம் போட்டாள். கோப்பையை நீட்டினாள், அவன் கன்னத்தை உரசிக்கொண்டு அது அவனைத் தாண்டிப் போனது. பின்னால் குடிக்கிற சத்தம். மடக். மடக். நிதானமாக.

கையைத் தோளுக்குக் கொண்டுபோனான். வரட்டும். ஹெலிகொப்டர் வரட்டும், பொலிஸ் வரட்டும், எங்கே வேண்டுமானாலும் திருப்பி அனுப்பட்டும். விரல்கள் தேடின. பொத்தான் இல்லை. பை இல்லை. நெஞ்சில் இலக்கம் இல்லை. நனைந்த சட்டை மட்டும் தோலோடு ஒட்டியிருந்தது.

உப்பில் பக்கவாட்டாகச் சரிந்தான். யாரும் குனியவில்லை. மேரியன் அவன் காலைக் கடந்து போய், கதிரையில் ஒருவரை உட்காரவைத்து, வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்தினாள். போர்வைக்குக் கீழிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. கதிரையில் இருந்தவரின் தோளில் சிவப்புப் பொத்தான்.

லோஜன் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். கதிரைக்குப் பக்கத்தில் குந்தினான். அந்த முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வெண்டிட்டாய் மச்சான்." பிறகு மேரியனுக்குக் கேட்காமல், காதோடு காதாக: "பிரஷாந்தன், ஓகேயோ?"

"ஓம்."

மேரியன் இரண்டாவது கோப்பையை ஊற்றிக் கொடுத்தாள். கதிரையில் இருந்தவர் அதை வாயருகே கொண்டுபோனார். குடிப்பதற்கு முன், கோப்பையின் விளிம்புக்கு மேலாக, லோஜனின் தோளைத் தாண்டி, உப்பில் கண் திறந்து கிடப்பவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே குடித்தார்.