முதுகு காட்டி நின்றவள்

காலையில் பூட்டைத் திறக்கும்போதே அவளுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. பழைய வீடு ஈரச் சுண்ணாம்பும் எலிப் புழுக்கையுமாக நாறியது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்ததால் கூடத்தில் பகலிலும் இருட்டு. இந்த வீட்டில்தான் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார்கள். இப்போது ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தால், படத்தின் ஆட்கள் நம் பக்கத்திலேயே நடமாடுவார்கள். அவர்களைச் சுற்றி வந்தும் பார்க்கலாம். அந்த மாயத்தைச் செய்வதுதான் அவள் வேலை. மாடிப்படிக் காட்சி தவிர எல்லாம் முடிந்துவிட்டது.

கதாநாயகி படியில் உருண்டு விழும் காட்சி அது. படத்தில் முதுகு மட்டுமே தெரியும். முன்பக்கத்தை இவள்தான் செய்து ஒட்ட வேண்டும். கதாநாயகியின் முகத்தை ஒட்டினாள். மறுநாள் பார்த்தால் வழித்துப் போட்டதுபோல் வெறும் தோல். மறுபடி ஒட்டினாள், மறுபடி காணோம். ஒரு வாரமாக இதே கூத்து. மதியம் முதலாளி வருகிறார். இன்றும் சொதப்பினால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். பெற்ற பிள்ளையைக்கூடப் பார்க்காமல் உழைத்தது அத்தனையும் தண்டம்.

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"உன் மூஞ்சியே மறந்துபோச்சும்மா."

"சாயங்காலம் வந்து காட்டுறேன். இப்ப வை."

சொல்லிவிட்டு அவளே இணைப்பைத் துண்டித்தாள்.

பழைய ஒலியைச் சுத்தம் செய்பவனை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, விழுறது கதாநாயகி இல்ல. டூப். அதான் முகத்தைக் காட்டல."

"டூப்போ கீப்போ, யாருக்குத் தெரியப்போகுது?"

"இதைக் கேளுங்க."

ஹெட்போனில் தடதடவென்று ஓர் உடல் உருண்டது. பிறகு ஓர் ஆண்குரல்: "ஷாட் ஓகே. அந்தப் பொண்ணை எழுப்புங்க."

நீண்ட மௌனம்.

"எழுப்புங்கய்யா."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. காது முகம் வெளுத்து, டீ குடித்துவிட்டு வருவதாக வெளியே போய்விட்டான்.

அவள் கண்ணாடியை மாட்டினாள். மாடிப்படியின் உச்சியில் உருவம் முதுகு காட்டி நின்றது. ஏறிப்போய்ச் சுற்றி வந்தாள். அதுவும் சுற்றியது. எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான். இப்படிச் சுற்றும்படி அவள் அதை அமைக்கவே இல்லை. பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கோ ஆத்திரம்தான் வந்தது.

"எந்த முகம் ஒட்டினாலும் ஆகலைன்னா நான் என்னதான் செய்ய? என் முகத்தைக் கழற்றித் தரட்டுமா? எடுத்துக்கோயேன்."

உருவம் நின்றிருந்த படி முனகியது.

கண்ணாடிக்குள் இருப்பவர்களுக்கு எடை கிடையாது.

உருவம் மெல்லத் திரும்பியது.

அவள் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். ஆனால் ஒரு நொடி பார்த்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தாடையில் அவளுடைய மச்சம்.

முதலாளி மதியம் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியடியில் வெகுநேரம் நின்றார்.

"அசத்திட்டீங்க. இப்பதான் உயிர் இருக்கு. முகம் கொஞ்சம் உங்க சாயல், பரவாயில்ல. இனி இதுல எதையும் மாத்தாதீங்க."

வேலை தப்பித்தது. மாத்தாதீங்க என்ற சொல் மட்டும் நெஞ்சில் நெருடியது. அவர் போனதும் கூடத்தில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அம்மா கிளம்பிட்டேன். இந்தா, மூஞ்சியைப் பாரு."

"திரும்பும்மா."

போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"முதுகையே காட்டுறியே."

திரையின் மூலையில் சின்னக் கட்டம். அதில் ஒரு பின்னந்தலை. அவள் காலையில் போட்ட அதே கொண்டை. போனை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கட்டத்தில் கொண்டை மட்டுமே தெரிந்தது.

"கண்ணு, இங்க பாரு, அம்மா இங்கதான்..."

"ஆங், தெரியுது தெரியுது. பின்னாடி படியில நிக்கிறியா?"

மகள் ஆசையாகக் கையாட்டினாள்.