வாண்டு ஏன் அழுகிறான்?

அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் களைப்பு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நின்றபடியே போர்வை மடித்து மடித்துக் கால் வீங்கிவிடும். பெரியக்காவுக்குக் கல்லூரிப் பரீட்சை. எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்தே களைப்பு.

களைக்காத ஒரே ஆள் என் தம்பி வாண்டு. மூன்று வயது. காலையில் குழந்தைகள் காப்பக வாசலில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுவான். அவனைப் பிய்த்தெடுத்து உள்ளே விடுவதற்குள் அம்மாவின் பஸ் போய்விடும்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. அன்னைக்கும் லேட்டா வந்தா ராத்திரி ஷிஃப்ட்தான்."

அப்படியானால் நாங்கள் விழித்திருக்கும்போது அம்மா தூங்குவாள். நாங்கள் தூங்கும்போது போய்விடுவாள்.

"கவலைப்படாதே. நான் படிக்கிறதே உளவியல்தானே!" என்றாள் அக்கா. "இதுல பல கட்சி இருக்கு. ஒரு கட்சி, அழாம இருந்தா பரிசு கொடுன்னு சொல்லும். இன்னொண்ணு, மனசோட அடியில என்ன இருக்குன்னு தோண்டிப் பாருன்னு சொல்லும். மூணாவது, அன்பா ஏத்துக்கோ, தானா சரியாயிடும்னு சொல்லும்."

"நீ எந்தக் கட்சி?"

"பரீட்சைக்கு எல்லாமே வரும்."

செவ்வாய்க்கிழமை அவள் மூன்றையும் ஒன்றாக இறக்கினாள். "நேத்து என்ன கனவு கண்டே?" என்று வாண்டுவைக் கேட்டாள்.

"பிஸ்கட்."

அக்கா அதை ரொம்ப யோசனையோடு எழுதிக்கொண்டாள். பிறகு கட்டியணைத்தாள். காப்பக வாசலில் அவன் அழுகையை நிறுத்தியதும் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அடுத்த நட்சத்திரத்துக்காக வாண்டு மறுபடி அழ ஆரம்பித்தான். பஸ் போய்விட்டது.

புதன்கிழமை அவன் எழும் முன்பே அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா மூன்றையும் மறுபடி செய்து கூட்டிப் போனாள். வாண்டு அழவே இல்லை.

"நட்சத்திரம் வேலை செஞ்சிடுச்சு!" என்று அன்று மாலை அக்கா குதித்தாள்.

"நேத்தும்தான் நட்சத்திரம் கொடுத்தே. கனவு கேட்டே. கட்டிப்பிடிச்சே. எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சா, எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். "அதுக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கு. இன்னும் படிக்கல."

"இன்னைக்கு மாறினது ஒண்ணுதான். நான் போகல," என்றாள் அம்மா மெதுவாக. "அப்போ என்னாலதான் அழுறானா?"

ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று எனக்கு ஆகிவிட்டது.

வியாழக்கிழமை நான் கறாராகச் சொன்னேன்: நட்சத்திரம் கிடையாது, கனவு கிடையாது. யாரும் எதையும் மாற்றக் கூடாது. நான் கூடவே நடந்து, பார்ப்பதையெல்லாம் எழுதுவேன்.

என் நோட்டில் இப்படி இருந்தது: 'செருப்பு போட்டான். சிரித்தான். நாய் பார்த்தான். சிரித்தான். காப்பக வாசல். அம்மா சொன்னது, "இதோ, அம்மா இப்ப வந்துடுவேன்." அழுகை.'

மாலையில் அவனைக் கூப்பிடப் போனபோது காப்பக ஆயாம்மா அலுத்துக்கொண்டார். "நாள் பூரா கதவுகிட்டயே உட்கார்ந்திருக்கான். பையைக்கூடத் தோள்ல இருந்து எடுக்க விடமாட்டேங்கிறான்."

"நேத்தும் இப்படித்தானா?"

"நேத்து நல்லா விளையாடினானே!"

நான் வாண்டுவின் பக்கத்தில் குந்தினேன். "ஏன்டா கதவுகிட்டயே இருக்கே?"

"அம்மா இப்ப வருவா," என்றான் அவன்.

அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவன் அழக் கூடாதுன்னுதானேடி 'இப்ப வந்துடுவேன்'னு சொன்னேன். நிஜத்தைச் சொன்னா இன்னும் அழுவானே."

"தெரியாதும்மா. அதை ஒண்ணை மட்டும் மாத்திப் பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை காப்பக வாசலில் அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"கண்ணா, அம்மா இப்ப வர மாட்டேன். நீ சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சதும் சின்னக்கா வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா. அதுக்கப்புறம்தான் அம்மா வருவேன்."

வாண்டுவின் உதடு பிதுங்கியது.

"தூங்கி எழுந்து?"

"ஆமா."

"பால்?"

"ஆமாடா."

இரண்டே இரண்டு சொட்டுக் கண்ணீர். பிறகு பையைக் கழற்றி ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையேடி!"

தெருமுனையில் பஸ் திரும்பியது. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, ஓடு! இன்னைக்கு நீ அழுது லேட்டாக்கிடாதே!"

அம்மா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினாள். அன்று பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடமும் கிடைத்தது.