வெளியே சென்றிருப்போர்

அன்று காலை மகள், "போறேம்மா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பிப் போனாள்.

மற்ற நாளாக இருந்தால் அம்மா அதை விட்டிருக்க மாட்டாள். "போறேன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று தெருமுனை வரை துரத்திப்போயாவது சொல்ல வைத்திருப்பாள். போன வாரம் முன்பல் இரண்டும் விழுந்ததிலிருந்து அந்த ஏழு வயதுக்காரியின் பேச்சில் பாதி காற்றாகத்தான் வந்தது. அந்தக் காற்றோடு "சரிம்மா, வரேன்" என்று அவள் இழுப்பதைக் கேட்காமல் அம்மாவுக்கு நாள் தொடங்காது. ஆனால் அன்றைக்குக் காதில் கைபேசி இருந்தது. மறுமுனையில் நகர அலுவலக மேலாளர். அவள் திரும்பியபோது வாசலில் வெயில் மட்டும் நின்றது.

அவள் அந்த அலுவலகத்தில் எழுத்தர். மேலாளருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் அரைமணி. எந்த வேலையைச் சொன்னாலும் "அரைமணில முடிச்சிடலாம்மா" என்பார்; முடிப்பவர் மட்டும் வேறு யாராவதாக இருக்கும். இந்த முறை மேலிடம் கேட்டிருந்தது ஊர்க் குறிப்பு. வரலாறு, நிலம், மக்கள்தொகை என்று மூன்றே பக்கம். மத்தியானப் பேருந்தில் போயாக வேண்டும்.

நிலத்தைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. மூன்று பக்கம் ஆறு வளைத்துக்கொண்டு, போனால் போகிறது என்று நாலாவது பக்கத்தில் மட்டும் ஒரு சாலைக்கு வழி விட்ட ஊர் அது. இரண்டு மாதமாக மழை இல்லாமல் ஆறு முழங்கால் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வரலாறும் நீளமில்லை. எண்பத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளம். ஆற்றுத் தெருவிலிருந்து இரண்டு படகுகளில் அறுபத்தொரு பேர் மேட்டுக்குக் கிளம்பினார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. பிறகு அதே இடத்தில் அதே கதவு எண்களோடு புதிய வீடுகள் எழும்பின. பதினான்காம் எண் இப்போது அவளுடைய வீடு.

மக்கள்தொகையில்தான் இடித்தது. வீடு வீடாகக் கூட்டினால் நாலாயிரத்து அறுபத்தைந்து வந்தது. மேலிடத்தில் இருந்த எண் நாலாயிரத்து நூற்றிருபத்தாறு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். வித்தியாசம் அறுபத்தொன்று.

அவள் பழைய பதிவேட்டை இறக்கினாள். கடைசிப் பக்கத்தில், இப்போது யாரும் பயன்படுத்தாத தலைப்பு ஒன்று இருந்தது: 'வெளியே சென்றிருப்போர்.' அதன் கீழ் அறுபத்தொரு பெயர்கள். பக்கத்தில் அந்தக் காலத்து எழுத்தர் ஊதா மையில் எழுதிய குறிப்பு: 'வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள். இறந்தார்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.' அவருக்குப் பின் வந்தவர்கள் புதிய பதிவேடு போடும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார்கள். வயதைக்கூட மாற்றவில்லை. பதினான்காம் எண் வீட்டில் 'மகள், வயது ஏழு' என்று இருந்தது.

"சார், இந்தப் புதுப் படிவத்துல இவங்களுக்குக் கட்டமே இல்லை. 'இருப்பவர்'னு ஒண்ணு, 'இறந்தவர்'னு ஒண்ணு, அவ்வளவுதான்."

"இறந்தவர்ல போட்டா ஆளுக்கொரு சான்று கேப்பான். அறுபத்தொரு சான்றுக்கு நான் எங்கம்மா போவேன்? பேசாம இருப்பவர்ல போட்டுடு. எண்ணும் சரியா வந்துடும். அரைமணி வேலை."

அவள் போட்டாள். ஒவ்வொரு பெயராக, அதே கதவு எண்ணுக்கு நேராக எழுதினாள். எழுத எழுத அறையில் எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது. தூர் வாராத கிணற்றை எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த வாடை. மின்விசிறிக்குக் கீழேயும் மை காய நேரம் எடுத்தது. பதினான்காம் எண்ணுக்கு வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. தன் மகளின் பெயருக்குக் கீழே இன்னொரு 'மகள், வயது ஏழு.' பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுதி முடித்தாள். மேலாளர் முத்திரை குத்தி, இரண்டு மணிப் பேருந்தில் அதைக் கையோடு கொண்டு போய்விட்டார்.

பிறகு அலுவலகத்தில் அவள் மட்டும்தான். சொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. குழாயை இறுக்கினாள். அது அடங்கவில்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தால் முன்னறையில் கேட்டது, முன்னறைக்கு வந்தால் அலமாரிப் பக்கம் கேட்டது.

நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது வீட்டிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். கணவனின் அக்கா, கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகக் கறுப்புக் கண்ணாடியோடு அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

"ஏம்மா, உன் பொண்ணு வந்துட்டா. தலையிலேருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட வந்து நிக்கிறா. எங்கடி விழுந்தேன்னு கேட்டா சிரிக்கிறா."

"ஆத்துல இறங்கிட்டாளா?"

"ஆத்துல ஏது தண்ணி? அதுவும் பின்வாசல் வழியா வர்றா. ஸ்கூல் பையையும் காணோம்."

பள்ளி ஊருக்கு முன்பக்கம், சாலையோரம். பின்வாசலில் இருப்பது ஆற்றுப் படிக்கட்டு மட்டும்.

"பதறாதே, துணி மாத்திட்டேன்" என்றாள் அண்ணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எவ்வளவு துவட்டினாலும் தலை மட்டும் காயவே மாட்டேங்குது."

அவள் பையை எடுத்தாள். பதிவேட்டை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று தொட்டபோது அட்டை நனைந்திருந்தது. சொட்டியது அதிலிருந்துதான். மேசை விளிம்பிலிருந்து தரைக்கு, ஒவ்வொரு துளியாக.

கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 'வெளியே சென்றிருப்போர்.' கீழே அறுபத்தொரு வரி. அதே ஊதா மை, ஆனால் புதிதாக, ஈரமாக. பெயர்கள்தான் வேறு. எதிர் வீட்டுத் தையல்காரர். மூன்றாம் எண்ணில் புதிதாகக் கல்யாணமான இருவர். காலையில் பால் ஊற்றியவர். பதினான்காம் எண்ணுக்கு வந்தாள். தன் மகளின் பெயர். வயது ஏழு.

எதிரே குறிப்பு: 'போகிறேன் என்று சொல்லிப் போனாள்.'

பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஆற்றுத் தெருவில் சுள்ளென்று வெயில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஈரக் கால்தடங்கள் இருந்தன. ஆற்றிலிருந்து ஏறி வந்தவை. எல்லாம் உள்ளே போயிருந்தன, ஒன்றும் திரும்பவில்லை. தையல்காரர் வீட்டில் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அதை மிதித்துக்கொண்டிருந்தவர் தையல்காரர் இல்லை. தலைமுடி முகத்தோடு ஒட்டிக்கிடக்க, அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தெரிந்தவர்போலத் தலையசைத்தார்.

அவள் நிற்கவில்லை.

வீட்டுக்குள் அதே வாடை. கூடத்தின் நடுவில் அண்ணி ஒரு சிறுமியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மகளின் மஞ்சள் சட்டை. சுற்றிலும் தண்ணீர் குளமாக நின்றது. அண்ணியின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"பாரு, அம்மா வந்துட்டா."

சிறுமி திரும்பினாள். சிரித்தாள். வரிசையாக எல்லாப் பற்களும் இருந்தன.

"வந்துட்டேம்மா" என்றாள். அதில் காற்று இல்லை.

அவள் அலறினாளா, தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். பேனாவைத் தேடி எடுத்தாள். ஒரே ஒரு சொல்தான். 'போகிறேன்' என்பதை அடித்துவிட்டு 'வருகிறேன்' என்று எழுதினால் போதும். எழுதினாள். ஈரக் காகிதம் மையைக் குடித்தது. மறுபடி எழுதினாள். கிழிந்தது. எழுத்து நிற்கவில்லை. ஊதா மை மட்டும் அசையாமல் நின்றது.

குளிர்ந்த சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

"அடிச்சிடாதேம்மா. வரேன்னு சொல்லிட்டுப் போனேன். வந்துட்டேன். இப்ப அடிச்சா நான் எங்க போவேன்?"

அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு குழந்தை, வீடு திரும்பிய குழந்தை, பிடித்த பிடியை விடவில்லை.

திறந்திருந்த பின்வாசல் வழியாக ஆறு தெரிந்தது. முழங்கால் அளவு ஆறு. அதற்குள் வரிசையாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பு வரை. தோள் வரை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போன தலைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. கடைசியில் ஒரு குட்டை உருவம், நனையக்கூடாது என்று பள்ளிப் பையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு.

"திரும்பிப் பாரும்மா!" என்று அவள் கத்தினாள். "வரேன்னு சொல்லு! ஒரே ஒரு தடவை, வரேன்னு சொல்லுடி!"

"வரேம்மா" என்றது, அவள் காதோரத்தில், ஈரமான வாய்.

ஆற்றின் நடுவில் அந்தப் பை இன்னும் கொஞ்ச தூரம், தண்ணீருக்கு மேலே, தானாகப் போய்க்கொண்டிருந்தது.