துடைத்த இடம்

புகழேந்தி எழுந்தான். பாயைச் சுருட்டினான். அடிகுழாயில் இரண்டு குடம் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து வைத்தான். வாசல் தெளித்தான். கோலம் போடத் தெரியாது, போடவில்லை. பல் விளக்கினான். காப்பி போட்டு நின்றபடியே குடித்தான். பிறகு விளக்குமாற்றை எடுத்து, முந்தின நாள் கழுவித் துடைத்திருந்த அடுப்படியைப் பெருக்கினான். முறத்தில் சேர்ந்த குப்பை வெள்ளி நிறத்தில் இருந்தது.

விரலால் தொட்டான். மாவைவிட மெல்லிசு. ரேகைகளுக்குள் இறங்கிப் பளபளத்தது.

பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் அது என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மத்தாப்பூவுக்கு வெளிச்சம் கொடுக்கிற அலுமினியத் தூள். கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்துவிட்டால் அதற்குப் பேர் மருந்து. அவன் மனைவி வேல்விழி அதைத்தான் கம்பெனியில் குழாய் குழாயாக அடைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்த அறை வெடித்தது. இப்போது ஆடி. அவளுடைய துணிமணிகளை அவள் அம்மா எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் இருந்தபோதே இந்தத் தூள் வீட்டுக்குள் வந்ததில்லை. வேலை விட்டு வருகிறவள் வாசல் வழியாக வரமாட்டாள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சிமெண்டுத் தொட்டியடியில் தலையோடு குளித்து, சேலையைத் தனி வாளியில் முக்கிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாள். அதுவரை அடுப்புப் பக்கம் போகமாட்டாள். அதுவரை பிள்ளையைத் தொடமாட்டாள். மகள் மாரிசெல்வி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கதறினாலும், "கிட்ட வராத, மேலெல்லாம் மருந்து" என்று விரட்டுவாள். அந்தச் சாம்பல் நிற முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

ஆடிக் காற்று, என்று நினைத்துக்கொண்டு முறத்தை வெளியே தட்டினான்.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. வேல்விழி போன அன்றைக்கே மாமியார் முருகம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆனைக்குட்டம் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போனவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாப்ளை பி.காம். படிச்சவுக. ஃபேனுக்கு அடியில உக்காந்து பிரஸ்ஸுல கணக்கு எழுதுனீக. எம் மக மருந்துக்குப் போனா. இப்ப பேத்தியவும் அந்தக் குப்பைக்குள்ள போடச் சொல்லுதீகளா?"

"வீட்டச் சுத்தமா வச்சிருக்கேன், அத்தை."

"வந்து பாக்கேன். நெசமாவே வீடு வீடா இருந்துச்சுன்னா பிள்ளை ஒங்களுக்கு. இல்லன்னா இந்தத் தெருப் பக்கமே வராதீக."

முழு வீட்டையும் ஒரே மூச்சில் கழுவ முயன்று பாதியில் விட்டவன் அவன். பிரஸ்ஸில் அச்சு மிஷினைக் கழுவுகிறவர்கள் ஒரு நேரத்துக்கு ஒரு உருளை என்றுதான் கழுவுவார்கள். அதேபோல வைத்துக்கொண்டான். திங்கள் அடுப்படி. செவ்வாய் பெரிய அறை. புதன் பீரோவும் ஜன்னலும். வியாழன் பின்பக்கத் தொட்டி. வேலைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம், அவ்வளவுதான். அது முடிகிற காரியமாக இருந்தது.

செவ்வாய் பெரிய அறையைத் துடைத்தான். புதன் காலையில் அந்த அறை முழுக்க வெள்ளித் தூள் படிந்திருந்தது. அடுப்படியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஜன்னல்களைச் சாத்தினான். இந்த முறை அறையின் குறுக்கே ஒரு கோடு பார்த்து, பாதித் தரையை மட்டும் பினாயில் விட்டுத் துடைத்தான். பீரோக் கண்ணாடியையும் பழைய பேப்பரால் தேய்த்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. சாத்திய ஜன்னல்களுக்குள் வெயில் அடைபட்டுக் கிடந்தது. பினாயில் வாடைக்கு அடியில், தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்குமே ஈரக் காகிதமும் கந்தகமும் கலந்த வாடை, அது மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு காய்ந்த உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டே போவதுபோல ஒரு சத்தம் அறைக்குள் கேட்டது, அவன் செருப்பைக் கழற்றியதும் நின்றுபோனது.

துடைத்த பாதியில் தூள் இருந்தது. துடைக்காத பாதியில் இல்லை. அவன் துணி நின்ற கோட்டில் அதுவும் நின்றிருந்தது.

கண்ணாடியில் ஒரு கை. ஐந்து விரலும் பதிந்து, கீழே இழுபட்டிருந்தது. நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையை அவன் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறான்.

சாப்பிடாமலே வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

அதற்குப் பிறகு அவன் எதையும் துடைக்கவில்லை. தட்டுகள் எச்சிலோடு கிடந்தன. எறும்பு வந்தது. தொட்டியில் பாசி பிடித்தது. மூலையில் பீடிச் சாம்பலும் தலைமுடியும் உருண்டன. அந்த அழுக்குக்குள் அவன் நிம்மதியாகத் தூங்கினான். வீட்டுக்குள் எதுவும் வரவில்லை.

முருகம்மாள் சொல்லாமல்கொள்ளாமல் ஒரு காலையில் வந்து நின்றாள். இடுப்பில் மாரிசெல்வி. பஸ் புழுதியும் பிஸ்கட் எச்சிலும் அப்பிய முகம். அப்பாவைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டியது. முருகம்மாள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

"இதுதான் ஒங்க சுத்தமா? பன்னி படுக்காது இங்கன."

அவன் எச்சில் தட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"வெம்பக்கோட்டையில ஒரு துட்டிக்குப் போகணும். எளவு வீட்டுக்குப் பச்சப்பிள்ளையத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள கழுவி வைக்கணும். இல்லன்னா இன்னையோட சரி. கோர்ட்டுக்குப் போனாலும் பிள்ளைய ஒங்க கண்ணுல காட்ட மாட்டேன்."

அவள் போனதும் வாளியை எடுத்தான். தண்ணீர் மொண்டான். துணியை நனைத்தான். நனைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் நின்றான். பிள்ளை தரையில் உட்கார்ந்து எறும்பை விரட்டிக்கொண்டிருந்தது. துணியை வாளியிலேயே போட்டுவிட்டான். மாமியார் கூட்டிக்கொண்டு போனால் ஆனைக்குட்டத்தில் உயிரோடாவது இருக்கும்.

மத்தியானம் பிள்ளை பாலுக்கு அழுதது. வீட்டில் பால் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயைக் கூப்பிட்டான்.

"மதினி, கடைக்குப் போயிட்டு வந்துடுதேன். செத்த நேரம் பாத்துக்கிடுங்க. வீட்டுல எதையும் எடுத்து வைக்க வேண்டாம். பெருக்க வேண்டாம்."

"பெருக்கவா? நல்லாயிருக்கே. ஒங்க வீட்டப் பெருக்க முனிசிபாலிட்டிதான் வரணும்" என்று சிரித்துக்கொண்டே அவள் பிள்ளையை வாங்கினாள்.

பக்கத்துக் கடையில் பால் தீர்ந்திருந்தது. மெயின் ரோடு வரை போக வேண்டியதாயிற்று. லோடு ஏற்றின லாரி ஒன்று தெருமுனையை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் வந்து சேர்ந்தபோது வெள்ளைத்தாய் தன் வீட்டு முற்றத்தில் குனிந்து, விறகடுப்பிலிருந்து கங்கு தள்ளிக்கொண்டிருந்தாள். கையில் பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்க?"

"ஒங்க வீட்டுத் தொட்டில்ல. ஏன் தம்பி, பொம்பளப் பிள்ளைய இப்படியா அழுக்குல போட்டு வைப்பாக? கடலமாவு போட்டு நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டிட்டேன். தங்கமாட்டம் மின்னுது. அசந்து தூங்கிருச்சு. சாம்பிராணி காட்டணும்னுதான் கங்கு எடுக்கேன். நீங்க போங்க, இந்தா வந்துட்டேன்."

பால் கவர் கையிலிருந்து விழுந்தது.

வீட்டில் துடைக்காத தரை. துடைக்காத சுவர். கழுவாத பாத்திரம். அந்த வீட்டில் சுத்தமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

வாசலைத் தாண்டியபோதே வாடை அடித்தது. கரண்ட் போயிருந்தது. ஃபேன் நின்றிருந்தது. உத்தரத்துக் கொக்கியில் அவனுடைய பழைய வேட்டியில் கட்டிய தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக. தாளம் தப்பாமல். தூங்கும் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி.

வேட்டியின் வெளிப்புறம் சாம்பல் நிறம். விரல் விரலாக. நடுவில் இரண்டு விரல் ஒட்டி.

"செல்வி."

தொட்டில் நின்றது.

விலக்கிப் பார்த்தான். பிள்ளை விழித்திருந்தது. அழவில்லை. தலைமுடி வெள்ளி. இமை வெள்ளி. கன்னம், கழுத்து, தொப்புள், கால்விரல் இடுக்கு எல்லாம் வெள்ளி. மடியில் போட்டு உடம்பெல்லாம் தடவியதுபோல. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்தது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

தூக்கினான். வரவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தான். மறுபக்கத்திலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வேட்டி அந்தப் பக்கமாகக் குழிந்தது. தூள் பொலபொலவென்று அவன் கைகளில் கொட்டியது.

பின்கதவு தள்ளப்படும் சத்தம்.

"கண்ணக் கசக்கப் போறா, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க தம்பி." வெள்ளைத்தாயின் குரல். முதலில் புகை வந்தது. பிறகு அவள். நீட்டிய கரண்டியில் கங்கு. ஊதிக்கொண்டே வந்தாள். ஊத ஊதச் சிவந்தது. ஒரு பொறி எழும்பியது.

கத்தினான். சத்தம் வரவில்லை. வாய்க்குள்ளும் தூள்.

ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்று சொல்லி வைத்திருந்தான். வேல்விழி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வாழையிலைமேல் கிடந்தவள், தலையைத் திருப்ப முடியாமல் மேலே பார்த்தபடியே, இரண்டு கையையும் தூக்கி நீட்டிக் கேட்டாள்.

"பிள்ளை எங்க? கொண்டாங்க. இன்னைக்கு இப்படியே தூக்கிக்கிடுதேன்."