வேலைக்கு வர்ற பொண்ணு

"அவள எழுப்பாதீங்க."

காலை நாலரை மணிக்கு அறை வாசலை மறித்துக்கொண்டு பரிமளா இப்படிச் சொன்னதும் சீனுவாசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளே அஸ்வினி தலைவரை போர்த்திக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண் தூங்க வேண்டிய நேரம்தான் அது. ஆனால் அவள் எழுந்து வராமல் கடையைத் திறப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தார் சீனுவாசன்.

அவருக்குத் திண்டிவனத்தில் இட்லி மாவுக் கடை. விடியலில் அரைத்து, ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி, முதல் பாக்கெட்டை விற்பதற்குப் போணி என்று பெயர். பன்னிரண்டு வருடமாகப் பரிமளாதான் போணி பண்ணிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்குப் பிறகு அஸ்வினி வந்தாள். அவள் கையால் போணி பண்ணிய நாளிலிருந்து மாவு மிஞ்சியதே இல்லை. என்ன கைராசி, என்ன கைராசி என்று மனுஷன் பார்ப்பவரிடமெல்லாம் பூரித்துப் போனார். எதிர்க்கடை சவுரிராயன் அதே மாதம்தான் மாவுக் கடையைக் காலி பண்ணிவிட்டுப் புதுச்சேரிக்குப் போனார் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அஸ்வினி அவருடைய ஒன்றுவிட்ட தங்கை அஞ்சம்மாளின் மகள். அஞ்சம்மாள் கண்டாச்சிபுரத்துப் பக்கம் கால் காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைக்கிறவள், புருஷன் இல்லாதவள். பத்தாவது முடித்த மகளை, "உன் வீட்டுப் பொண்ணா வெச்சிக்கோண்ணே" என்று கொண்டுவந்து விட்டாள். வீட்டுப் பெண் ஆனதால் அஸ்வினி வீட்டோடு எழுந்தாள், வீட்டோடு படுத்தாள். விடியலில் போணி, பகலெல்லாம் பாக்கெட் கட்டுவது, ராத்திரி ஒன்பது வரை அண்டா கழுவுவது. யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. சீனுவாசன் அவளுக்குக் கொலுசுகூட வாங்கிக் கொடுத்தார். தான் தப்பு எதுவும் செய்வதாக அந்த நல்ல மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்குத்தான் வினை வந்தது. தொழிலாளர் துறை அதிகாரி ஒரு அம்மாள் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, அஸ்வினியின் வயதைக் கேட்டார். எங்க வீட்டுப் பொண்ணுங்க மேடம் என்று சீனுவாசன் சிரித்தபடி சொல்ல, அதிகாரியும் நகரத்தான் இருந்தார்.

"இல்லீங்க மேடம்" என்றாள் பரிமளா. "வீட்டுப் பொண்ணு இல்ல. வேலைக்கு வர்ற பொண்ணு. பதினாறு வயசு ஆவுது."

மாவு வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அஸ்வினியின் முகம் சுண்டிப்போயிற்று.

அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். பதினாலு முடிந்துவிட்டதால் இந்த மாதிரிக் கடையில் வேலை செய்யலாம், தப்பில்லை. ஆனால் பதினெட்டு ஆகும் வரை காலை எட்டுக்கு முன்னாலும் ராத்திரி ஏழுக்குப் பின்னாலும் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஓய்வு கொடுத்து, அந்த ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் லீவு விட வேண்டும். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் சீனுவாசனின் காதில் ஏறவே இல்லை. பெண்டாட்டி சொன்னதுதான் ஏறியது. போணி தன் கையை விட்டுப் போன பொறாமையில் ஒரு அநாதரவான பெண்ணை ஊரறிய அந்நியமாக்கிவிட்டாள் என்று முடிவு கட்டி, அன்று சாயங்காலமே அஞ்சம்மாளுக்கு போன் போட்டு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். பரிமளா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். பெற்றெடுக்காத குறைக்கு அந்தப் பெண்ணின் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டவள் அவள். தன்னைப் பார்த்துப் பொறாமைக்காரி என்கிறாரே என்று நெஞ்சு குமுறியது. என்றாலும் மறுநாள் காலை கதவை மறித்தவள் நகரவில்லை. சீனுவாசன் தனியாகப் போய்த்தான் ஷட்டரைத் தூக்கினார்.

எட்டரை மணிக்கு அஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். விழுப்புரத்தில் பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. மகளின் துணிகளைக் கொடியிலிருந்து உருவிப் பையில் திணித்தாள். கடையில் ஆளை நிறுத்திவிட்டுச் சீனுவாசனும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏன் அண்ணி, நான் இன்னா பாவம் பண்ணேன் உங்களுக்கு?" என்றாள் அஞ்சம்மாள். "தாய்மாமன் வூடுன்னு நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்... நாலு பேரு முன்னாடி வேலைக்காரின்னு சொல்லிட்டீங்களே. எம் பொண்ணு போன்ல அழுதுக்கினே இருக்குது. அந்த வார்த்தைய சொல்ல எப்படி வாய் வந்துது உங்களுக்கு?"

பரிமளாவிடம் பதில் இருந்தது. சொல்லாமல் இருந்ததற்குக் காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அஞ்சம்மாளின் பழைய புண் ஒன்றைத் தொட வேண்டும். என்றோ ஒரு மழை நாளில், இருவரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது அவள் மனம் விட்டுச் சொன்ன விஷயம் அது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

ஆனால் அஸ்வினி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்ததைப் பார்த்ததும் பரிமளாவுக்குத் தாங்கவில்லை. போய் அஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சம்மா, நீ விழுப்புரத்துல ஒரு வூட்ல இருந்தியே, சின்ன வயசுல. அவங்க உன்ன இன்னான்னு சொன்னாங்க?"

அஞ்சம்மாள் திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"சொல்லும்மா."

"அவங்க வூட்டுப் பொண்ணுன்னு..." என்றாள் மெல்ல.

"எத்தினி மணிக்கு எழுப்புவாங்க?"

அஞ்சம்மாளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். தீபாவளிக்குப் பாவாடை, அவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு. வாசல் தெளிப்பதிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவும் வரை அவள்தான். வீட்டுப் பெண்ணுக்கு ஏது நேரம், ஏது லீவு? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்தபோதுகூட, வீட்டில் விசேஷம், முடிந்ததும் போகலாம் கண்ணு என்றார்கள். விசேஷம் முடிந்து போனபோது அம்மா இல்லை.

"வூட்டுப் பொண்ணுன்னா எதையும் கேக்க முடியாது அஞ்சம்மா" என்றாள் பரிமளா. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. "எம் புருஷன் நல்லவருதான். ஆனா அவரு பாசத்துல இவ தூக்கம் போச்சு. வேலைக்கு வர்ற பொண்ணுன்னு சொன்னா அவளுக்கு ஒரு நேரம் இருக்குது, கேக்கறதுக்கு ஒரு ஆபீசு இருக்குது. அதுக்குத்தாம்மா சொன்னேன். எட்டுலேருந்து ரெண்டு வரிக்கும் கடைக்கு வரட்டும், அப்பால டைப்ரைட்டிங் கிளாசு போவட்டும். நீ என்ன எப்படி வேணாலும் திட்டிக்கோ."

சீனுவாசன் சுவரோடு ஒட்டி நின்றார். தங்கை இத்தனை வருடம் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை நினைத்து அவருக்கு அழுகை முட்டியது. பெண்டாட்டியை நிமிர்ந்து பார்க்கவும் கூச்சமாக இருந்தது. தப்பு பண்ணிட்டேன் பரிமளா என்று முனகிவிட்டு, அஸ்வினியின் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அஸ்வினி ஓடிவந்து அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அஞ்சம்மாள் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையோ கேட்கத் தயங்குகிறவளாகப் பரிமளாவைப் பார்த்தாள்.

"அண்ணி... வாரத்துக்கு ஒரு நாளு லீவு உண்டுன்னு அந்த அம்மா சொல்லிச்சாமே, நெசமா?"

"நெசந்தான். ஏம்மா?"

"அப்ப ஞாயித்துக்கெழமை இவள பஸ் ஏத்தி உடுங்க அண்ணி. நான் எம் பொண்ண பாக்கணும்."