காலையில் மறந்துபோகும் கம்ப்யூட்டர்

"வண்டு! ஓடி வா! மறுபடியும் எழுத்தெல்லாம் எறும்பாயிடுச்சு!"

அத்தை இப்படிக் கத்தினால் பொழுது விடிந்துவிட்டது என்று அர்த்தம். வண்டு என்பது நான்தான். எதையாவது குடைந்து குடைந்து கேட்டுக்கொண்டே இருப்பேனாம். அதனால் மாமா வைத்த பெயர் அது. நான் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். பதில் தெரியாதவர்களுக்குத்தான் அது குடைச்சலாக இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வாசல் அத்தை, மாமாவின் கடை. ஒரே அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. முன்பக்கம் மாமாவுடையது. மாமா எலக்ட்ரீஷியன். ஒயர்ச் சுருளும் பல்பும் கழற்றிப் போட்ட மின்விசிறியுமாக, கால் வைக்க இடம் இருக்காது. பின்பக்கம் அத்தையுடையது. தையல் மெஷின், துணிக் குவியல், ஒரு கம்ப்யூட்டர். அத்தை பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை தைப்பவர். சிங்கம், மரம், நிலா, எதைக் கேட்டாலும் தைத்துக் கொடுத்துவிடுவார்.

ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வரும். கண்ணாடி போட்டாலும் அத்தைக்குப் பொடி எழுத்து தெரியாது. அதனால் நான்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் மெயில் மட்டும் தனியாக ஓர் இடத்தில் போய்ச் சேரும்படி செய்தேன். அப்படி ஒன்று வந்தால் 'டிங்' என்று மணி அடிக்கும். 'சரி' என்ற பொத்தானையும் மறக்காமல் அழுத்தினேன்.

"என் ராசாத்தி!" என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது. இருந்தாலும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாம் போயே போச்சு! எழுத்து பழையபடி பொடிசு. மணி ஊமை. பள்ளிக்கூட மெயில்கள் விளம்பரக் குப்பையோடு குப்பையாகக் கிடந்தன.

மறுபடியும் மாற்றி வைத்தேன். மறுநாள் மறுபடியும் போனது. நாய் வாலை நிமிர்த்துகிற கதையாக இருந்தது.

"கை வைக்காம எதுவும் மாறாது," என்றார் மாமா. "விளையாடுறேன்னு நீதான் எதையாவது நோண்டியிருப்ப."

"நான் நோண்டல மாமா!"

"வேற யாரு நோண்டுறா? பூனையா?"

பூனையாக இருக்கலாம்தான். கடைப் பூனைக்கு கீபோர்டு மேல் படுத்துத் தூங்குவதென்றால் அவ்வளவு ஆசை. அன்று சாயங்காலம் கீபோர்டு மேல் ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, பெட்டி மேல் இரண்டு தடி புத்தகங்களையும் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பெட்டி அசையாமல் இருந்தது. எழுத்து எறும்பாகத்தான் இருந்தது.

பூனை குற்றமற்றது என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். என்னைப் பற்றித்தான் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் யானை வந்தது.

நாடக டீச்சர் ஒரு பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். பையன் மேல் அத்தை தைத்த யானை உடை. தும்பிக்கை அழகாகத்தான் இருந்தது. காது இன்னும் அழகு. ஆனால் யானை முழங்காலோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பையனின் காலும் கோடு போட்ட சாக்ஸும் தெரிந்தன.

"டீச்சர், மூச்சு முட்டுது," என்றது யானை.

"கொஞ்சம் பொறுடா," என்ற டீச்சர் அத்தையிடம் திரும்பினார். "யானையா நடிக்கிற பையனை மாத்திட்டோம், இவன் ரொம்ப உயரம், புது அளவு இதுதான்னு மெயில் போட்டேனே! பார்க்கலையா?"

அத்தை ஓடிப்போய்த் தேடினார். மெயில் இருந்தது. செருப்பு விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் இருந்தது. அத்தையின் முகம் சுருங்கிப் போனது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். ராத்திரி பகலா உட்கார்ந்து சரிபண்ணிக் குடுத்துடறேன்."

"யானை சரி. மீதி எல்லா உடைக்கும் அளவு அடுத்த வாரம் அனுப்புவேன். அதையும் இப்படி விட்டீங்கன்னா, நான் வேற தையல் கடைதான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க."

அவர்கள் போனதும் மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"போதும் வண்டு. இனிமே நீ கம்ப்யூட்டர் பக்கமே வரக் கூடாது."

"நான் ஒண்ணுமே பண்ணல மாமா!"

"அப்போ அது தானாவே மாறுதா?"

குடைந்து கேட்கிற எனக்கே பதில் தெரியாத கேள்வி. வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதேன். செய்த தப்புக்குத் திட்டு வாங்கினால் அரைமணி நேரத்தில் மறந்துவிடலாம். செய்யாத தப்புக்கு வாங்கின திட்டு மறக்கவே மாட்டேன் என்கிறது.

சில நாள் கழித்து மாமா ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் ஒயரிங் வேலை என்று வெளியூர் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை மெதுவாக வந்து கூப்பிட்டார்.

"வண்டு, இந்த ஒரு தடவை மாத்திக் குடுத்துட்டுப் போயேன். கண்ணே தெரியலடி."

மாமா வரக் கூடாது என்றார். அத்தை வா என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பாவம், அத்தையின் கண் இரண்டும் சிவந்திருந்தன. போய் மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கத்தல் கேட்கவில்லை. என்ன ஆச்சோ என்று நானே ஓடினேன். அத்தை சாய்ந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் சத்தமாக ஒரு மெயிலைப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய எழுத்து!

"அத்தை! நேத்து என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. மாமா இல்ல, நான்தான் கடையைப் பூட்டினேன்."

மாமா இல்லை. மாற்றியது அப்படியே இருக்கிறது. மாமா இருந்தால் போய்விடுகிறது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமாவேவா நோண்டுகிறார்? நோண்டிவிட்டு என்னையா சொல்கிறார்?

அன்று சாயங்காலம் மாமா திரும்பி வந்தார். நான் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தேன். கணக்கு ஒன்றும் ஓடவில்லை. கண் முழுக்க உள்ளேதான்.

மாமா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அத்தைதான் திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. "தூங்கிடுச்சு," என்று அத்தை எழுந்துவிட்டார். ஆனால் மேசைக்கு அடியில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, மாமா கதவோரம் இருந்த மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினார். டக்! கடை மொத்தமும் இருட்டு. பச்சை விளக்கும் போய்விட்டது.

இது மாமாவின் தினசரி வழக்கம். மெயினை இறக்காமல் கடையைப் பூட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. பூட்டின கடையில் ஒயர் கருகித் தீப்பிடித்ததை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தெருவில் எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லி, அவருக்கு மெயின் மாமா என்றே பெயர் வந்துவிட்டது. அந்த ஸ்விட்சை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. அத்தைக்கு அதன் பக்கம் போகவே பயம்.

மறுநாள் காலை. "வண்டு! எறும்பு!"

போனேன். கம்ப்யூட்டரைத் தொடாமல் கேள்வியை மட்டும் கேட்டேன். "அத்தை, இந்த மெயிலை நீங்க எப்பவாவது மூடியிருக்கீங்களா?"

"மூடுறதா? அய்யய்யோ! மூடினா ஆர்டர் வராம போயிடாதா?"

"வரும் அத்தை. மறுபடி திறந்தா எல்லாம் வந்துடும். இப்போ ஒரு தடவை மூடிப் பாருங்க. அந்த மூலையில இருக்கிற பெருக்கல் குறியை அழுத்துங்க."

அத்தை தயங்கித் தயங்கி அழுத்தினார். மூடுவதற்கு முன், திரையின் நடுவில் ஒரு சின்ன வரி வந்து நின்றது.

'உங்கள் மாற்றங்கள் சேமிக்கப்படுகின்றன. சற்றுப் பொறுங்கள்.'

அடடா! நானும் அத்தையும் இதுவரை பார்த்தே இராத வரி. எப்படிப் பார்த்திருப்போம்? இந்த மெயிலை ஒருவரும் ஒருநாளும் மூடியதே இல்லையே! பகலெல்லாம் நாம் சொல்வதை அது மனசில் வைத்துக்கொள்கிறது. மூடும்போதுதான் எழுதி வைக்கிறது. அதற்குள் மாமா டக்கென்று மெயினை இறக்கினால்? பேனாவை எடுக்கும் முன்னே பரீட்சைத் தாளைப் பிடுங்கின மாதிரிதான்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மாமாவிடம் சொல்லத் தடுப்பைத் தாண்டி ஓடினேன். அங்கே நாடக டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க மேடை லைட் வேலையை உங்ககிட்டதான் குடுக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம் சார். தினமும் மெயினை அணைச்சுட்டுத்தான் கடையைப் பூட்டுவீங்களாமே! எங்க பசங்களுக்குக்கூட வந்து சொல்லுங்க."

மாமாவின் முகம் ஆயிரம் வாட்ஸ் பல்பு மாதிரி எரிந்தது.

"அப்புறம் சார், மீதி அளவெல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்கூல் ஆபீஸ்லேர்ந்து மெயில்ல வரும். இந்தத் தடவையாவது..."

"இனிமே தப்பு நடக்காது டீச்சர். இதோ, இவதான் கம்ப்யூட்டரை நோண்டிக்கிட்டு இருந்தா. அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். இந்தச் சமயத்தில் போய், உங்கள் மெயின் ஸ்விட்ச்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டீச்சர் பஸ் நிறுத்தத்துக்குப் போகக் கிளம்பினார்.

"மாமா, ஒண்ணு காட்டணும்."

"மறுபடியும் கம்ப்யூட்டரா?"

"நான் தொட மாட்டேன். கையைக் கட்டிக்கிறேன். எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்க."

மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல மெயிலைத் திறந்தார், எழுத்தைப் பெரிதாக்கினார், மணியை வைத்தார், பள்ளிக்கூட மெயிலுக்குத் தனி இடம் வைத்தார், 'சரி' பொத்தானை அழுத்தினார்.

"இப்போ போய் மெயினை இறக்குங்க."

"பட்டப்பகல்லயா?"

"இறக்குங்க மாமா."

டக்! "அய்யோ, என் தையல் பாதியில நிக்குது!" என்று அத்தை கத்தினார். மாமா மறுபடி மெயினைப் போட்டு, கம்ப்யூட்டரை எழுப்பி, மெயிலைத் திறந்தார்.

எறும்புகள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் எறும்புகள்தான். என் கைகள் கட்டியபடியே இருந்தன.

"இன்னொரு தடவை மாத்துங்க மாமா. ஆனா இப்போ முதல்ல இதை மூடுங்க. அந்த வரி வந்துட்டுப் போகட்டும். கம்ப்யூட்டரையும் அணைங்க. அப்புறம் மெயின்."

மாமா ஒவ்வொன்றாகச் செய்தார். அந்தச் சின்ன வரியை உதடு அசையப் படித்தார். பச்சை விளக்கு அணையும்வரை காத்திருந்தார். மெயினை இறக்கினார், ஏற்றினார், மெயிலைத் திறந்தார்.

எழுத்து பெரிதாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிங்' என்று மணி அடித்தது. பள்ளிக்கூட மெயில்!

அத்தை மாமாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, கடகடவென்று படித்தார். "சிங்கத்துக்கு இடுப்பு அளவு... நிலாவுக்குத் தோள் அளவு... எல்லாம் வந்துடுச்சு! எல்லாம் தெரியுது!" கையோடு பதிலும் அனுப்பிவிட்டார்.

மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ தினமும்... நான்தானா?"

"நான் மட்டும் என்னவாம்?" என்றார் அத்தை. "ஒருநாளாவது மூடியிருந்தா உங்க ஸ்விட்ச் என்ன பண்ணியிருக்கும்?"

"மெயினை இறக்குறது நல்லதுதான் மாமா," என்றேன். "அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்கு எழுதி முடிக்க ஒரு நிமிஷம் குடுத்தா போதும்."

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"டீச்சர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அவங்க முன்னாடி நான் உன்னைச் சொன்னேனே. அப்பவே ஏன் சொல்லல?"

"அவங்க உங்களைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தாங்க மாமா."

மாமா சட்டென்று திரும்பினார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கோபமோ என்று எனக்குத் திக்கென்றது. வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன்.

பஸ் இன்னும் வரவில்லை. நிறுத்தத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கூட ஒரு கும்பலே நின்றது. பாதித் தெருவிலிருந்தே மாமா கையை ஆட்டிக் கத்தினார்.

"டீச்சர்! ஒரு நிமிஷம்! எங்க பொண்ணு எதையும் நோண்டல! தப்பு என்னுது! கண்டுபிடிச்சதே அவதான்! நான்தான் தெரியாம அவளைத் திட்டிட்டேன்!"

பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. எதிர் மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. டீச்சர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

எனக்கு ஒரே வெட்கம். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இருந்தாலும், மாமா இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கலாம்.